பக்கிள் வைத்த செருப்பு

ஜூலை 3

'நான்காம் தளம்' நூறாவது எபிசோடைத் தொட்டதற்காக இன்று சேனலில் கேக் வெட்டி, ஆளுக்கொரு டைரி கொடுத்தார்கள். ஜூலை மாதத்தில் டைரி கொடுக்க எங்கள் சேனலால்தான் முடியும். ஜனவரியில் மிஞ்சியதாக இருக்கும். வீணாக்க மனமில்லாமல் எழுத ஆரம்பிக்கிறேன்.

வாரா வாரம் கதையும் வசனமும் எழுதுகிறேன். கமிஷனர் ஆபீசின் நான்காவது மாடியில் ஒரு பெண் இன்ஸ்பெக்டர், நாலு போலீஸ்காரர்கள். வெளியே சொல்லக் கூசுகிற வழக்குகள் மட்டும் அவர்களிடம் வரும். பெண்கள், குழந்தைகள். சனிக்கிழமை இரவு ஊரே உட்கார்ந்து பார்க்கிறது.

டைரக்டர் கிளமென்ட் சாருக்கு ஒரே சூத்திரம்தான். "பேப்பர்ல இருந்து எடு தயா. ஊரை மாத்து, பேரை மாத்து, தொழிலை மாத்து. மூணையும் மாத்திட்டா அது நம்ம கதை." அதற்கு மேல் பாதுகாப்பாக, தொடக்கத்தில் ஒரு கார்டு போடுகிறோம்: 'இத்தொடரில் வரும் சம்பவங்கள் அனைத்தும் கற்பனையே.' அந்த வரியை எழுதியதும் நான்தான். இத்தனை வருஷத்தில் கிளமென்ட் சார் திருத்தாமல் விட்ட ஒரே வரி அது.

கேக் நன்றாக இல்லை. ரேட்டிங்கும் நன்றாக இல்லை. "கேஸ் எல்லாம் காஞ்சு போயிருக்கு, ஈரமே இல்ல" என்று சேனல் சொல்கிறதாம்.

ஜூலை 8

சுகந்தி வர நேரமாயிற்று. வந்ததும் நேரே குளியலறை. அவள் வேலை அப்படி. வழக்குகளில் மாட்டிய குழந்தைகளுக்கு ஆற்றுப்படுத்துநர். போலீசுக்கு, ஆஸ்பத்திரிக்கு, கோர்ட்டுக்கு அவர்களோடு கூடவே போய்வர வேண்டும். பகலில் கேட்டதையெல்லாம் தலையில் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குள் பேசுவாள்.

குளித்ததும் சமையலறைத் தரையில் முறத்தோடு உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரிப்பாள். அப்போதுதான் வாய் திறப்பாள். எங்கள் வீட்டு வழக்கம் இது. யார் பெயரும் வராது. 'சின்னது', 'பெரிசு', 'மீசை' என்றுதான் வரும். யாரிடமாவது கொட்டினால்தான் தூக்கம் வரும் என்பாள். நான் குறுக்கே பேசாமல் கேட்பேன். நல்லாக் கேட்கிற மனுஷன் என்று எனக்கு அவள் வீட்டாரிடம் நல்ல பெயர்.

இன்று சின்னதைப் பற்றி. ஒன்பது வயசு. டியூஷன் மாஸ்டர் வழக்கு. போன வருஷ மழைக்காலத்தில் நடந்தது. அன்றைக்கு அவள் டியூஷனுக்கே வரவில்லை என்று மாஸ்டர் சாதிக்கிறான். ஊரில் அவனுக்கு நல்ல பெயர். மாஜிஸ்திரேட்டிடம் அது நாலு வரிதான் சொல்லியிருக்கிறது. வேறு சாட்சி இல்லை.

"அது ஏன் செருப்பே போட மாட்டேங்குதுன்னு இன்னைக்குத்தான் சொல்லிச்சுங்க" என்றாள் சுகந்தி. "அவங்கம்மா பிடிவாதம்னு அடிச்சிருக்கா. எல்லாம் முடிஞ்சப்புறம் அந்தாளு இதோட செருப்பை எடுத்துட்டுப் போய் வெளிக்குழாயில சேறு போகக் கழுவியிருக்கான். தன்னோட துண்டால தொடச்சு, அவனே காலைப் பிடிச்சு மாட்டி விட்டிருக்கான். பக்கிள் வைச்ச செருப்பு. எப்பவும் போடற ஓட்டையில போடாம ஒரு ஓட்டை தள்ளி இறுக்கிப் போட்டுட்டான். வலிச்சுதாம். வீடு வரைக்கும் அவிழ்க்காமலே நடந்து வந்திருக்கு. அவிழ்த்தா திட்டுவானோன்னு பயம்."

வெங்காயத்தால் என்று சொல்ல முடியாத அளவுக்கு அழுதாள். நான் தண்ணீர் கொடுத்தேன். தோலையெல்லாம் வாரிக் குப்பையில் போட்டேன். ரசம் நான்தான் வைத்தேன்.

அந்தப் பக்கிள் மனசை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

ஜூலை 9

மதியத்துக்குள் ஒரு முழு எபிசோடு. கை இப்படி ஓடி எத்தனையோ மாதமாகிறது.

ஊர் காரைக்குடி. ஆள் போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவன். பெண்ணுக்குப் பதினொரு வயசு, பெயர் கயல். எல்லாம் மாற்றியாயிற்று.

ஜூலை 12

கிளமென்ட் சார் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தச் செருப்பு சீன் எங்கிருந்துய்யா பிடிச்சே?" என்றார்.

"தோணிச்சு சார்" என்றேன்.

ஜூலை 21

வளசரவாக்கத்தில் ஷூட்டிங். இன்று எனக்கு வந்த கோபம் சாமானியமல்ல.

காஸ்ட்யூமர் பாக்கியம் அண்ணனிடம் ஸ்கிரிப்ட் கொடுத்து, படித்தும் காட்டி, 'பக்கிள் வைத்த செருப்பு, பக்கிள் வைத்த செருப்பு' என்று கிளிப்பிள்ளை மாதிரி சொல்லியிருந்தேன். மனுஷன் கொண்டுவந்தது ஒரு ஜோடி ஹவாய். "பாப்பா கால் சைசுக்குப் பக்கிள் கிடைக்கல சார், இதுவும் செருப்புதானே" என்கிறார். இதுவும் செருப்புதானாம்! கத்தினேன். சீனின் உயிரே அந்தப் பக்கிள்தான், ஒரு ஓட்டை தள்ளி இறுக்குவதில்தான் எல்லாம் இருக்கிறது என்று கிளமென்ட் சாரிடம் மன்றாடினேன். "வெளிச்சம் போயிட்டிருக்கு தயா. கழுவி வாசப்படியில வைக்கட்டும், பொண்ணு தானா மாட்டிக்கட்டும். போதும்" என்று எடுத்து முடித்துவிட்டார்.

மாட்டிவிடுவதும் இல்லை, இறுக்குவதும் இல்லை. பாக்கியம் அண்ணனோடு இனிமேல் பேச்சில்லை.

ஆகஸ்ட் 2

காஸ் சிலிண்டர் வந்தது. மாடிக் குழாயில் கசிவு, ஆள் வரவில்லை.

சுகந்தி எங்கள் சீரியலைப் பார்ப்பதில்லை. "பகல் பூரா இதுதான், ராத்திரியும் இதையேவா?" என்பாள். சனிக்கிழமை அவளுக்குச் சமையல் போட்டிதான். முன்பெல்லாம் கொஞ்சம் வருத்தமாக இருக்கும். யோசித்துப் பார்த்தால் நல்லதுதான்.

ஆகஸ்ட் 10

ஒளிபரப்பு. போன் ஓயவில்லை. என் அக்கா அழுதுகொண்டே பேசினாள். செருப்பு கழுவுகிற காட்சியை மட்டும் வெட்டி ஆளாளுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

சுகந்தி வேலூரில், தம்பி வீட்டு வளைகாப்பில் இருக்கிறாள். நானும் போயிருக்க வேண்டியது. வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 15

இந்த வருஷத்திலேயே அதிக ரேட்டிங். கிளமென்ட் சார் கட்டிப்பிடித்துக்கொண்டார். பக்கிள் இருந்திருந்தால் இன்னும் எங்கேயோ போயிருக்கும்.

ஆகஸ்ட் 27

சுகந்தி இன்று சிரித்துக்கொண்டே வந்தாள். செருப்பு விஷயத்தை அரசு வக்கீல் அம்மாவிடம் சொல்லியிருந்தாளாம். அந்தம்மா போலீசை அனுப்பி மாஸ்டரின் பக்கத்து வீடுகளில் மறுபடி விசாரிக்கச் சொல்லியிருக்கிறார். எதிர்வீட்டுப் பெண்மணி ஒருத்தி, அன்றைக்கு மழையில் அவன் குழாயடியில் குழந்தைச் செருப்பு கழுவியதைப் பார்த்தேன் என்று சொல்லிவிட்டாளாம்.

"அது வரவே இல்லன்னுதானே சாதிச்சான்? இப்ப எப்படிச் சாதிப்பான்? கோர்ட்டுல சின்னது தன் வாயால சொல்லட்டும், அப்புறம் இந்தம்மா சொல்லட்டும். ரெண்டும் பொருந்திடுச்சுன்னா அவன் தப்பவே முடியாதுன்னு வக்கீலம்மா சொல்றாங்க" என்றாள்.

நான் சாம்பாரில் உப்புப் பார்த்தேன். சரியாக இருந்தது.

செப்டம்பர் 30

மாடிக் குழாய் இன்று சரியாயிற்று.

அக்டோபர் 6

சின்னதின் சாட்சிக்குத் தேதி குறித்தாகிவிட்டது. சுகந்தி அதைக் கூட்டிப்போய்க் காலியான கோர்ட் அறையைக் காட்டினாளாம். 'இதுதான் ஜட்ஜம்மா நாற்காலி, இதுதான் திரை, அவன் அந்தப் பக்கம், உனக்குத் தெரிய மாட்டான்' என்று. அது வெறுங்காலோடு போய் நாற்காலியைத் தொட்டுப் பார்த்ததாம். "நீங்க பக்கத்துலயே இருப்பீங்களா ஆன்ட்டி?" என்று கேட்டதாம்.

சுகந்தியிடம் எபிசோடைப் பற்றிச் சொல்லலாமா என்று நினைத்தேன். ஊர் வேறு, பேர் வேறு, தொழில் வேறு. சொல்ல என்ன இருக்கிறது?

அக்டோபர் 17

சுகந்தி குளிக்கவில்லை. கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமல் சமையலறை வாசலில் நின்றே பேசினாள். அழவில்லை. அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

கதவைச் சாத்தித்தான் விசாரணை. சின்னது நன்றாகப் பேசியிருக்கிறது. செருப்பு, குழாய், துண்டு, பக்கிள், ஒரு ஓட்டை தள்ளி. ஒன்று விடாமல். வக்கீலம்மாவுக்கே கண் கலங்கிவிட்டதாம். அதன்பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, ஜட்ஜம்மாவிடம் அனுமதி வாங்கி, ஒரு லேப்டாப்பைத் திறந்து வைத்திருக்கிறார்.

"பாட்டு கேட்டதுமே தெரிஞ்சுபோச்சு. உங்க சீரியல் பாட்டு. உங்க பேர் வந்துச்சு. அப்புறம் குழாயடி."

குழந்தையிடம் வக்கீல் நேரடியாகக் கேள்வி கேட்கக் கூடாது. அவர் எழுதிக் கொடுத்ததை ஜட்ஜம்மாதான் கேட்டிருக்கிறார், தன்மையாக.

"இந்த டி.வி. கதையை நீ பாத்தியாம்மா?"

"பாத்தேன்."

"அதைப் பாத்துட்டுத்தான் இதெல்லாம் சொல்றியா?"

"இல்ல. நான் சொன்னதைத்தான் அவங்க எடுத்திருக்காங்க."

எதிர்த்தரப்பு வக்கீல் லேசாகச் சிரித்தாராம். நீ யார்கிட்டம்மா சொன்னே என்று ஜட்ஜம்மா கேட்டிருக்கிறார். சின்னது திரும்பிச் சுகந்தியைப் பார்த்ததாம்.

"ஆன்ட்டிகிட்ட மட்டும்தான். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொன்னாங்க."

அதற்குப் பிறகு அது ஒரு வார்த்தை பேசவில்லை. சுகந்தி கையை நீட்டியபோது நாற்காலியோடு நகர்ந்து உட்கார்ந்ததாம். எதிர்வீட்டுப் பெண்மணியிடமும் சீரியலைப் பார்த்தீர்களா என்றுதான் முதல் கேள்வி. பார்த்தேன் என்றிருக்கிறாள். ஊரே பார்த்தது, அவள் மட்டும் பார்க்காமல் இருப்பாளா? டி.வி.யில் பார்த்த கதையை இரண்டு பேரும் வந்து ஒப்பிக்கிறார்கள் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாராம் வக்கீல்.

"எல்லாத்தையும் மாத்திட்டேன் சுகந்தி" என்றேன். "ஊரு, பேரு, தொழிலு..."

"மாஸ்டரோட ஊரையும் தொழிலையும் மாத்தினீங்க. அவனுக்கு நல்லது பண்ணியிருக்கீங்க. சின்னது சொன்னதை மட்டும் அப்படியே வைச்சுக்கிட்டீங்க."

இந்தக் கோணத்தில் நான் ஒரு நாளும் யோசித்ததில்லை என்பது சத்தியம்.

அக்டோபர் 18

சுகந்தியை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். ரகசியத்தை வெளியே சொன்னதற்கு விசாரணையாம். சின்னதுக்கு வேறொரு பெண்ணைத் துணைக்குப் போட்டிருக்கிறார்கள்.

இட்லி வாங்கி வந்தேன். சாப்பிடவில்லை.

அக்டோபர் 21

சுகந்தி அந்த எபிசோடை முழுசாகப் போட்டுப் பார்த்தாள். நான் பால்கனியில் நின்றுகொண்டேன். உள்ளே என் வசனங்கள் ஒவ்வொன்றாகக் கேட்டன. எழுதும்போது நன்றாகத்தான் இருந்தன.

பிறகு கூப்பிட்டாள். அன்றைக்குப் பிறகு முதல் பேச்சு.

"இதுல ஏன் ஹவாய் செருப்பு? பக்கிள் எங்க?"

பாக்கியம் அண்ணன் கதையைச் சொன்னேன். வெளிச்சம் போனது, மாட்டிவிடுவதை வெட்டியது, எல்லாம். அவள் முகம் மாறியது.

"அப்ப பக்கிள் டி.வி.யிலயே வரல. ஒரு ஓட்டை தள்ளி இறுக்கினதும் வரல. ஆனா சின்னது கோர்ட்டுல சொல்லிச்சு. டி.வி. பாத்துச் சொல்லியிருந்தா அது எங்கிருந்து வரும்?"

"டி.வி.ல பாத்ததோட பக்கிளை அதுவே சேர்த்துக்கிச்சுன்னு வக்கீல் சொல்லுவாரே" என்றேன்.

"அதுக்குத்தான் நீங்க வரணும். யாரும் எடுக்காத பக்கிள் உங்க ஸ்கிரிப்ட்டுல எப்படி வந்துச்சுன்னு சொல்லணும். நான் சொன்னேன்னு சொல்லணும். எனக்குச் சின்னது சொல்லிச்சுன்னு சொல்லணும்."

"உன் வேலை?"

"அது எப்பவோ போயிடுச்சு."

அக்டோபர் 25

அரசு வக்கீல் அம்மா என்னைச் சாட்சியாகக் கூப்பிட மனுப் போட்டிருக்கிறார். கிளமென்ட் சாருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. சேனல் வக்கீலோடு காபி ஷாப்பில் உட்கார்ந்திருந்தார்.

"கற்பனைன்னு சொல்லிடு தயா. ஒரே வார்த்தை. கார்டுலயே இருக்கு, நீ எழுதினதுதான். உண்மைன்னு ஒப்புக்கிட்டா நீ, நான், சேனல், உன் பொண்டாட்டி, எல்லாரும் கோர்ட்டு வாசல்லதான் குடியிருக்கணும்."

கற்பனை என்று நான் சொன்னால், என் கற்பனையைத்தான் அந்தப் பெண் ஒப்பித்ததாக ஆகிவிடும். அவருக்கும் அது தெரியும். "அது அவங்க தலையெழுத்து" என்று காபியை முடித்தார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். முடியாது என்று சொல்ல வரவில்லை. எழுதியே பழகியவன், வாயால் சொல்ல வரவில்லை.

நவம்பர் 5

சம்மன் வந்துவிட்டது. பயமாக இருக்கிறது.

பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டேன் என்று சொன்னால் என்ன என்று சுகந்தியிடம் கேட்டேன். எல்லோரும் தப்பிக்க ஒரு வழியாகத் தெரிந்தது.

"இதையும் எழுதத்தான் பாக்கறீங்க" என்றாள்.

நவம்பர் 13

போனேன். வெளியே மழை.

என்னைப் பார்த்து மாஸ்டர் வணக்கம் வைத்தான். என்னால்தான் தப்பிக்கப் போகிறோம் என்று நம்பியிருப்பான். பார்க்க என் சித்தப்பா மாதிரி இருந்தான். என் ஸ்டூடியோக்காரனுக்கு நான் ஒரு தழும்பு வைத்திருந்தேன். இவனுக்கு ஒன்றும் இல்லை.

பாக்கியம் அண்ணனையும் கூப்பிட்டிருந்தார்கள். "சார் பக்கிள் வைச்சதுதான் கேட்டார். ஒரு ஓட்டை தள்ளி இறுக்கறது அதுலதான் முடியும்னு கத்தினார். நான்தான் ஹவாய் கொண்டுபோனேன். தப்புதாங்க" என்று கைகட்டி நின்று சொல்லிவிட்டு இறங்கினார். அவர் தப்பு செய்திராவிட்டால் இன்றைக்கு எங்களிடம் சொல்ல ஒன்றுமே இருந்திருக்காது. நான் அன்றைக்கு ஜெயித்திருந்தால் அந்தப் பெண் தோற்றிருக்கும்.

எதிர்த்தரப்பு வக்கீல் கார்டைப் போட்டுக் காட்டினார். "இது நீங்க எழுதினதா?"

"ஆமா."

"அனைத்தும் கற்பனையேன்னு இருக்கு. இப்ப உண்மைன்னு சொல்ல வந்திருக்கீங்க. இதுல எது பொய்?"

"கார்டு" என்றேன்.

பக்கிள் விஷயம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று ஜட்ஜம்மா கேட்டார். சுகந்தி பின் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

"என் மனைவி சொன்னாங்க. அந்தக் குழந்தை அவங்ககிட்ட சொன்ன அன்னைக்கே. அவங்க என்னை நம்பி அழுதாங்க. எழுதச் சொல்லல. எழுதப்போறேன்னு நானும் சொல்லல. மறுநாளே எழுதிட்டேன்."

மனைவியின் பெயரைக் கேட்டார்கள். சொன்னேன். டைப்பிஸ்ட் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார்.

வீட்டுக்கு ஒரே ஆட்டோவில் வந்தோம்.

டிசம்பர் 4

சுகந்திக்கு வேலை நீக்க உத்தரவு. இனி இந்தத் துறையில் யாரும் எடுக்க மாட்டார்கள். மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, கறிவேப்பிலை வாங்கப் போனாள்.

டிசம்பர் 18

தீர்ப்பு. மாஸ்டருக்கு இருபது வருஷம். டி.வி.யில் வராத ஒன்றைக் குழந்தை சொன்னதை நம்பாமல் இருக்க முடியாது என்று ஜட்ஜம்மா எழுதியிருக்கிறாராம்.

கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷமா என்று தெரியவில்லை.

சாயங்காலம் கிளமென்ட் சார் போன் செய்தார். கோபமெல்லாம் போய்விட்டது. "தயா, நீயே கூண்டுல ஏறியிருக்கே, நடுங்கியிருக்கே. ஹவாய் செருப்பால கேஸ் ஜெயிக்குது! பார்ட் டூ எழுதுய்யா. ஊரை மாத்திக்கலாம்."

முடியாது சார் என்றேன். வாயால் சொல்ல வந்துவிட்டது. அவர் வேறு ஆளை வைத்து எழுதிக்கொள்ளலாம். யாராலும் தடுக்க முடியாது.

டிசம்பர் 21

சின்னதுக்கு இப்போது துணையாக இருக்கும் பெண் சுகந்தியிடம் போனில் பேசினாள். அது இன்னும் வெறுங்காலோடுதான் இருக்கிறதாம். சுகந்தியைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிறதாம். தீர்ப்பைச் சொன்னபோது ஒன்றே ஒன்றுதான் கேட்டதாம்.

"இதையும் டி.வி.ல போடுவாங்களா?"

சுகந்தி போனைக் கையில் வைத்துக்கொண்டே என்னிடம் வந்தாள். "அந்தப் பொண்ணு லைன்ல இருக்கு. சின்னதுக்கு என்ன பதில் சொல்லட்டும்?"

"போட மாட்டாங்கன்னு சொல்லு."

அவள் மேஜையைப் பார்த்தாள். இந்த டைரி திறந்து கிடந்தது.

"அப்ப இது என்ன?"

இது சும்மா எனக்காக என்றேன். கிளமென்ட் சார் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். சுகந்தி சிரிக்கவில்லை. பிறகு பேசுகிறேன் என்று போனை வைத்துவிட்டாள். குளித்துவிட்டு வந்தாள். முறத்தில் வெங்காயத்தை எடுத்துக்கொண்டு சமையலறையைத் தாண்டிப் பால்கனிக்குப் போய் உட்கார்ந்தாள். கதவைச் சாத்துவதற்கு முன்னால் ஒரு முறை திரும்பிப் பார்த்தாள்.

"எழுதி முடிச்சதும் சொல்லுங்க. உள்ள வரேன்."

முடித்துவிட்டேன், சுகந்தி.